சத்திரசிகிச்சைக் கணக்கில் நேரும் மயக்கம்

இரண்டு வைத்தியசாலைகளில் எது சிறந்ததென அறிய விரும்புவோர், சத்திரசிகிச்சையின் பின் எத்தனை பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது, எத்தனை பேர் மறுபடியும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர் என எண்ணி, நூற்றுவீதங் கண்டு ஒப்பிடுவர். முறை எளிது; முடிவோ பல வேளைகளிற் பிழைபடும். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

குளோரோபோமை மயக்கமருந்தாக வழங்கிப் புகழ்பெற்ற எடின்பரோப் பேராசிரியர் சேர் ஜேம்ஸ் யங் சிம்சன், 1869ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். நாட்டுப்புறங்களிற் கை கால் துண்டிக்கப்பட்ட 2,098 பேரில் 226 பேர் இறந்தனர். பெரிய வைத்தியசாலைகளில் 2,089 பேரில் 855 பேர் இறந்தனர். முன்னையது நூற்றுக்கு ஏறத்தாழ 11, பின்னையது 41. ஆகவே பெரிய வைத்தியசாலைகளே கேட்டுக்குக் காரணம் என்றார் அவர். இரு கூட்டத்தாரும் ஒத்த நிலையினர் அல்லர் என்று பிறர் மறுத்தனர். இங்ஙனம் ஒப்பீட்டைத் திரிக்கும் வேற்றுமைகளையே புள்ளிவிபரவியலார் குழப்புங் காரணிகள் என்பர்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனைத் தெளிவோம். சிறிய வைத்தியசாலையொன்றில் இலகுவான சத்திரசிகிச்சை 180. அவற்றுட் சிக்கலுற்றவை 9. கடினமானவை 20; சிக்கலுற்றவை 6. ஆக 200க்கு 15, அதாவது நூற்றுக்கு 7.5. பெரிய வைத்தியசாலையில் இலகுவானவை 80; சிக்கல் 2. கடினமானவை 120, சிக்கல் 24. ஆக 200க்கு 26, அதாவது நூற்றுக்கு 13. மேலோட்டமாக நோக்கின் பெரியதே தாழ்ந்தது. ஆயின் வகைபிரித்து நோக்குக: இலகுவானவற்றில் சிறியதற்கு நூற்றுக்கு 5, பெரியதற்கு 2.5, கடினமானவற்றில் 30, 20. இருவகையிலும் பெரியதே சிறந்தது! பெரியதன் நோயாளரைச் சிறியதன் வீதப்படி கணித்தால் 40 சிக்கல்கள் எதிர்பார்க்கப்படும், நேர்ந்தவையோ 26. இவ்வாறு எதிர்பார்ப்பதனோடு நேர்ந்ததை ஒப்பிடுவதே தக்க முறை.

நமது மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள. அங்கே இயலாதவர் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவர். ஆகவே கடின நோய்கள் பெரிய இடத்திற் குவிதல் இயல்பே. தாமதமும் ஒரு காரணி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் ‘பாதை’யிலேயே நீரைக் கடந்தனர். குடல்வால் வெடித்தபின் வந்து சேர்பவரும், வெடிக்குமுன் வந்தவரும் ஒருவராவரோ? வயது, நீரிழிவு, புகைத்தல், அவசர நிலை என்பனவும் கணக்கிற் சேரவேண்டும்.

எண்ணும் முறையும் ஒத்திருத்தல் வேண்டும். வீடு சென்றபின் சீழ்ப்பிடித்த புண்ணை, 30 நாள்வரை தேடிப் பதியும் வைத்தியசாலை, தேடாத வைத்தியசாலையிலும் தாழ்ந்ததாகத் தோன்றும், நேர்மையே குற்றமாகிவிடும்.

எனினும், ‘எமது நோயாளர் கடினமானவர்’ என்னுஞ் சொல் குறைகளை மூடும் போர்வையாதல் கூடாது. சிம்சனின் ஒப்பீடு குறையுடையதே. ஆனால் அக்கால வைத்தியசாலைகளிற் புண்நஞ்சு பரவியமை மெய்யே. லிஸ்டர் 1867இல் வெளியிட்ட கிருமியெதிர்ப்பு முறை அதனைக் காட்டியது.

திருத்தாத வீதத்தைக் கொண்டு பழிகூறின், வைத்தியர் இடர்மிக்க நோயாளரை ஏற்க அஞ்சுவர். இழப்பு ஏழை நோயாளிக்கே. நியூயோர்க் மாநிலத்தார் 1989 தொடக்கம் இருதய சத்திரசிகிச்சை விபரங்களைத் திரட்டி, நோயாளரின் இடர்நிலைக்கேற்பத் திருத்தி வெளியிட்டமை இதுபற்றியே. ஆகவே, மாணவர்காள், ஒரு வீதத்தைக் கண்டதும் மூன்று வினாக்களை எழுப்புக: யாரை எண்ணினர்? எவ்வாறு எண்ணினர்? எத்தனை பேரை எண்ணினர்? இவற்றுக்கு விடை பெற்றபின்னரே தீர்ப்புரைத்தல் முறை.