நடுமேடைக்கு வந்த சிகண்டி

கேள்வி: பழைய காவியங்களைப் பெண்ணிய, பால்புதுமைப் பார்வையில் நாடகமாக்கினால் மூலம் சிதையாதா?

பதில்: சிதையாது. வியாச பாரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பீஷ்மர் தூக்கிவந்த அம்பையைக் காதலன் சால்வன் ஏற்கவில்லை, தூக்கிவந்தவரும் மணக்கவில்லை. மறுபிறவியில் துருபதனின் மகளாகப் பிறந்தும் சிகண்டி என்ற மகனாகவே வளர்கிறாள். ஒரு பெண்ணை மணக்கிறாள். உண்மை வெளிப்பட்டதும் காட்டுக்குப் போகிறவளுக்கு ஸ்தூணன் என்ற யட்சன் தன் ஆணுருவைக் கொடுத்து, அவள் பெண்ணுருவை வாங்கிக்கொள்கிறான். இதெல்லாம் இன்றைய நாடகக்காரர்கள் புகுத்தியதா என்ன? பத்தாம் நாள் போரில் அருச்சுனனுக்கு மறைப்பாக நின்றதை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் சிகண்டியை, நாடக இயக்குநர் அ.மங்கை ‘பனித்தீ’ நாடகத்தில் நடுமேடைக்குக் கொண்டுவந்தார். கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகமும் எனக்கு மிகவும் பிடிக்கும். கோலூன்றிய கிழவி அதில் இல்லை. அதியமானோடு கள்ளுண்ட பாணர்குலக் கவி இருக்கிறாள். சங்கப் பாடல்களில் இருப்பவளும் அவள்தான்.