வீடு விற்கப் போகும் மருமகனுக்கு

 

கும்பகோணத்து வீட்டை விற்றுவிடுவதென்று நீயும் உன் அம்மாவும் தங்கையும் ஒருமனதாகத் தீர்மானித்ததையும், தரகர் வந்து 'என்ன விலை சொல்லலாம்?' என்று கேட்டபோது பதில் சொல்லாமல் எனக்கு எழுதியதையும் வாசித்தேன். பதில் சொல்லாமல் இருந்தாயே, அதுவே நல்ல ஆரம்பம். விலை பேசுகிற சாமர்த்தியம் என்று ஊரார் புகழ்வதில் முக்கால் பங்கு, பேச உட்காருவதற்கு முன்பே ஓசையில்லாமல் செய்து முடித்த காரியங்களில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன், பேச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் தகப்பனார் 1984-இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய வீடு அது. உயில் எதுவும் எழுதாமல் அவர் காலமாகிவிட்டபடியால், 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி உன் அம்மாவுக்கும் உனக்கும் உன் தங்கைக்கும் சமபாகம். தங்கைக்குக் கல்யாணத்தில் செய்ததே போதும் என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மூவரும் கையெழுத்திட்டாலொழிய வாங்குகிறவனுக்குப் பூரண உரிமை கிடையாது. அந்தக் கையெழுத்துகளில் ஒன்று வருமா வராதா என்ற சந்தேகம் அவன் மனத்தில் புகுந்த மாத்திரத்தில் விலை லட்சக்கணக்கில் சரியும். வாரிசுச் சான்று, உன் தகப்பனாரின் பெயரிலிருந்து உங்கள் மூவர் பெயருக்கும் மாற்றிய பட்டா, 1984-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம், அதற்கும் முந்திய தாய்ப்பத்திரங்கள், அன்று முதல் இன்று வரைக்குமான வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, எப்போதோ வங்கியில் அடமானம் வைத்து மீட்டிருந்தால் அதன் ரத்துப் பத்திரம் ஆகிய அனைத்தையும் ஒரு கட்டாகச் சேர்த்து, நகலெடுத்துத் தயாராக வைத்துக்கொள். வாங்க வருகிறவர்களில் அனுபவசாலிகள் சுவரில் உள்ள விரிசலைவிடப் பத்திரத்தில் உள்ள விரிசலைத்தான் தேடுவார்கள். அகப்பட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவைப் போலப் பத்து மடங்கைக் குறைத்துக் கேட்பார்கள்.

ஆனால், இருக்கிற குறையை மறைக்கலாமா என்றால், கூடாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் வாங்குகிறவன் கண்டுபிடிக்க முடியாத, உனக்கு மட்டும் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லவேண்டியது விற்பவனுடைய கடமை என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே சொல்கிறது. கொல்லைப்புறச் சுவர் விஷயமாக அண்டை வீட்டாரோடு இருந்த தகராறை முதல் நாளே நீ சொல்லிவிட்டால், அதையும் சேர்த்து நினைத்துத்தான் அவன் விலை கேட்பான். பேச்சு முடிந்தபின் அவனாகத் தெரிந்துகொண்டானானால் பேசிய விலை முழுவதையும் மறுபடி பேசுவான்.

அடுத்தது மதிப்பு. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டு அதுவே விலை என்று மயங்கிவிடாதே; அது முத்திரைத் தீர்வைக்காக அரசாங்கம் குறித்து வைத்த அளவு. 2017 ஜூனில் அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதனால் எந்தத் தெருவிலும் வீட்டின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடவில்லை. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சமீபத்தில் கைமாறிய வீடுகளின் சர்வே எண்ணைக் கேட்டு அறிந்து, பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்கம் பார்த்தால், பத்திரத்தில் காட்டிய தொகை தெரியும். அது உண்மைத் தொகைக்குக் குறைவாக இருப்பதும் உண்டாகையால், விற்றவர்களையே நேரில் கண்டு விசாரிப்பது உத்தமம். விற்று முடித்தவர்கள் பெரும்பாலும் மனம் விட்டுப் பேசுவார்கள்.

உன் வீட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. முற்றமும் தேக்குத் தூண்களும் மரக்கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸுமாக உள்ள பழைய கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அனைவரும், சொல்லி வைத்தாற்போல, 'கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, இடித்துத்தான் கட்டவேண்டும், மனைக்கு மாத்திரம் விலை சொல்லுங்கள்' என்பார்கள். அப்படிச் சொல்கிறவரே இடித்த மறுநாள் அந்தத் தேக்கை நல்ல விலைக்கு விற்பார். ஆகவே பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவரை முன்னதாகவே அழைத்து வந்து, தூண், உத்தரம், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டு வாங்கி வைத்துக்கொள். 'கட்டடத்துக்கு ஒன்றுமில்லை' என்ற வார்த்தை வரும்போது அந்தக் காகிதத்தை எடுத்து வைப்பதற்கு மேல் நீ எதுவும் பேச வேண்டியிராது.

இவை முடிந்த பிறகு மூன்று தொகைகளை உனக்குள் நிர்ணயித்துக்கொள். வெளியில் சொல்வது ஒன்று, கிடைத்தால் திருப்தி என்பது ஒன்று, இதற்குக் கீழே போனால் வீடு நம்மிடமே இருக்கட்டும் என்று எழுந்துவிடக்கூடியது ஒன்று. உதாரணத்துக்கு 95 லட்சம், 86 லட்சம், 82 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது தொகையை ஆசையைக் கொண்டு நிர்ணயிக்காமல், விற்காவிட்டால் வாடகை எவ்வளவு வரும், பராமரிப்பிலும் வரியிலும் எவ்வளவு போகும், அந்தப் பணம் உனக்கு எப்போது அவசியப்படும் என்று கணக்குப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, அந்தத் துண்டு இந்தத் தொகையின்மேல் எப்போதும் கிடக்கட்டும். தரகரிடமும் சொல்லாதே. அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல; நூற்றுக்கு ஒன்று கமிஷன் வாங்குகிறவருக்கு நீ ஒரு லட்சம் விட்டுக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய்தான் நஷ்டம், பேரம் முறிந்தாலோ எண்பதினாயிரத்துக்கு மேல் நஷ்டம்; அவருடைய மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீயே யோசித்துக்கொள்.

காலத்தையும் கவனி. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு வாங்கத் துணிவதில்லை. தை பிறந்ததும், மறுபடி ஆவணியிலும், முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் தாங்காமல் டோக்கன்களை அதிகப்படுத்துகிறார்கள். ஆடியில் விலை சொல்ல ஆரம்பித்தால், வீடு விலை போகாமல் கிடக்கிறது என்ற பெயர்தான் மிஞ்சும்.

இனிப் பேச்சு. வீட்டைப் பார்க்காமலே டெலிபோனில் 'கடைசி விலை என்ன?' என்று கேட்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு நீ எதைச் சொன்னாலும் அதுவே முதல் விலையாகி, அதிலிருந்து குறைக்கத் தொடங்குவார்கள். 'வந்து பாருங்கள், பிடித்திருந்தால் உட்கார்ந்து பேசலாம்' என்பதே போதும். உட்கார்ந்த பிறகு குறைக்க நேர்ந்தால், குறைக்கும் அளவு ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே வரட்டும்: 95-லிருந்து 91, பின் 88½, பின் 87, பின் 86½. எல்லை சமீபித்துவிட்டது என்பதை எதிரில் இருப்பவர் நீ சொல்லாமலே உணர்ந்துகொள்வார். ஒன்றும் பெறாமல் ஒன்றையும் குறைக்காதே. பணத்தை ஆறு வாரத்தில் முடிப்பதற்காக, அல்லது அட்வான்ஸைப் பெரிதாகக் கொடுப்பதற்காகக் குறைத்தேன் என்றிருக்க வேண்டும். அவர் ஒரு தொகையைச் சொன்னவுடன் மறுமொழி சொல்லவேண்டும் என்று பரபரக்காதே. சிறிது மௌனமாக இருந்தால் அநேகர் தாமாகவே ஏறி வருவார்கள். அவகாசம் வேண்டுமானால், 'அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்துகொள். அவரும் ஒரு பாகஸ்தர் என்பதால் அது தந்திரமும் அல்ல, முழு உண்மை. ஆனால் பேசுகிற வாய் ஒன்றாகவே இருக்க வேண்டும். உன் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, 'பையனுக்குப் பெங்களூரில் ஃபிளாட் வாங்கப் பணம் வேண்டியிருக்கிறது' என்று ஒரு வார்த்தை விட்டாரானால் அன்றைய பேரம் அதோடு முடிந்தது. இல்லாத இன்னொரு கிராக்கியை இருப்பதாகச் சொல்லாதே; கும்பகோணம் சிறிய ஊர்.

எதிராளியின் கையிருப்பையும் கணக்கிட்டுக்கொள். 86 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது வீதம் 7,74,000 ரூபாய் அவர் தனியே கட்டியாக வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தராது. ஆகவே கடன் வாங்கி வருகிறவரிடம் சொந்தப் பணமாக ஏறத்தாழ 25 லட்சமாவது இருக்கவேண்டும்; இல்லாதவர் 90 லட்சம் தருகிறேன் என்றாலும் அது வெறும் வார்த்தை.

அதிகத் தொகை சொல்கிறவர்களில் சிலர், 'பத்திரத்தில் பாதி, கையில் ரொக்கமாகப் பாதி' என்பார்கள். வீடு விற்கும் விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாதென்று 2015 ஜூன் முதல் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உன் தலையில் விழும், கொடுத்தவர் தலையில் அல்ல. வேறு சிலர் ஒரு லட்சத்து ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வருஷக் கெடு கேட்பார்கள். உன் வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்த வருஷத்துக்குள் அதிக விலைக்கு இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இடையில் உள்ள லாபத்தைத் தாம் எடுத்துக்கொள்வதே அவர்களுடைய தொழில். கெடு மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். அட்வான்ஸ் பத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது நம் மாநிலத்தில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பவர் எழுதிக் கொடுப்பது, முழுப் பணம் வருமுன் சாவியைக் கொடுப்பது இரண்டும் அடியோடு கூடாது.

வருமான வரியைப் பற்றி ஆடிட்டர் ஒருவரிடம் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள். பழைய வீடாகையால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாகக் கொள்ள இடமுண்டு. லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கும் உண்டு. கைக்கு நிற்கும் தொகை தெரிந்தால்தான் 82 லட்சம் என்ற உன் எல்லை சரியா என்பதும் தெரியும்.

பட்டா மாற்றத்துக்கு இந்த வாரமே மனுக் கொடுத்துவிடு. அது கையில் வருகிறவரை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், ஒருவரிடமும் விலை சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மாமா