பிள்ளைக்குக் கண் தெரிகிறதா? நெடுந்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு பாடம்



இந்த முறை சுகாதாரப் பாடத்துக்கு நம்ம மலையை விட்டுக் கொஞ்சம் தூரம் போவோம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கிற தீவுகளுக்கு. நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போய் வந்தவர்கள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் கோயில் வாசல். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போவதென்றால் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். காற்றும் கடலும் கடுமையானால் அந்தப் படகும் ஓடாது.

நெடுந்தீவில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கண் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் வரவேண்டும். விடியற்காலையில் மாவிலித்துறையில் படகு. குறிகட்டுவானில் இறங்கி 776 பஸ். புங்குடுதீவு, வேலணை தாண்டி, கடலுக்கு நடுவில் போட்ட பண்ணைப் பாதையால் யாழ்ப்பாண நகரம். கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, பின்னேரப் படகைப் பிடிக்க ஓடவேண்டும். படகு போய்விட்டால் அன்றிரவு யார் வீட்டிலாவது தங்கவேண்டியதுதான். இது ஒரு தடவையோடு முடிகிற பயணமும் இல்லை. கண்ணைச் சோதிக்க ஒரு நாள், கண்ணாடி எடுக்க ஒரு நாள், சரியா என்று பார்க்க இன்னொரு நாள். கடலுக்குப் போகிற தகப்பனுக்கு மூன்று நாள் உழைப்பு போச்சு.

வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது நம்ம கதையும்தான். கடலுக்குப் பதில் நமக்கு மலை. மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போய் வந்தால் ஒரு பேர் போய்விடும். அதனால்தான் "இன்னும் கொஞ்சம் வளரட்டும், பாப்போம்" என்று தள்ளிப் போடுகிறோம். கண் விஷயத்தில் மட்டும் அந்தத் தள்ளிப் போடுதல் ஏன் ஆகாது என்பதே இன்றைய பாடம்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

"எம் புள்ளைக்குக் கண்ணு தெரியலன்னா அது சொல்லாதா?" என்று கேட்பீர்கள். தீவிலிருக்கிற தாயும் "அவளுக்கு வடிவாத் தெரியும்தானே, ஊசியையே எடுத்துத் தாறாள்" என்றுதான் சொல்லுவார். இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்த்த பிள்ளைக்கு, உலகம் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம். மற்றவர்களுக்குத் தூரத்து மலையில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? பச்சையாக ஒரு பூச்சு தெரிந்தால் அதுவே மலை என்று நினைத்துக்கொள்ளும். அதனால் சொல்லாது.

இன்னொன்று, இதைவிட மோசம். ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மட்டும் மங்கலாக இருந்தால் யாருக்குமே தெரியாது. பிள்ளை ஓடும், விளையாடும், படியில் இறங்கும், ஊசியும் எடுத்துத் தரும். எல்லாவற்றையும் நல்ல கண்ணே செய்துவிடும்.

பார்க்கிறது கண் மட்டும் இல்லை, மூளையும் சேர்ந்துதான். கண் படம் அனுப்பும். அதைப் படித்துப் பழகுவது மூளை. பிறந்த நாளிலிருந்து ஏழு, எட்டு வயது வரை மூளை இந்தப் பழக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணிலிருந்து எப்போதும் கலங்கலான படமே வந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்கும். இதைச் சோம்பல் கண் என்பார்கள். பேர்தான் சோம்பல், பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை. தேயிலைக் கன்று இளசாக இருக்கும்போதே வெட்டி, படர விட்டு, செடிக்கு உருவம் கொடுக்கிறோம் அல்லவா? முற்றி மரமான பிறகு அதே வேலையைச் செய்யப் பாருங்கள். நாலு, ஐந்து வயதில் கண்ணாடி போட்டால் திரும்பி வரக்கூடிய பார்வை, பதினைந்து வயதில் எவ்வளவு விலையான கண்ணாடி போட்டாலும் முழுசாக வராமல் போகலாம். எட்டு, பத்து வயதாகிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். பலன் குறையும், ஆனால் கொஞ்சமாவது கிடைக்க இடமுண்டு.

யார் சோதிப்பது?

முதல் சோதனை வீட்டில், தாய் செய்வது. பிள்ளையின் கிளினிக் கொப்பியில் கண்ணைப் பற்றித் தாயிடம் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. முகத்தைப் பார்க்கிறதா, பார்த்துச் சிரிக்கிறதா, அசைகிற பொருளோடு கண் போகிறதா என்று. பலர் நிறைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறோம். பதில் "இல்லை" என்றால் மருத்துவமாதிடம் அன்றே சொல்லவேண்டும். மாதம் தேறாமல் பிறந்த பிள்ளை, நிறை குறைந்து பிறந்த பிள்ளை, தாய் தகப்பனோ அண்ணன் அக்காவோ சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்ட வீட்டுப் பிள்ளை, இவர்களைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்து மருத்துவப் பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரியும் பி.எச்.ஐ. ஐயாவும் வருகிற நாள். பெரிய பள்ளிக்கூடங்களில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த சின்னப் பள்ளிக்கூடம் என்றால் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது முறை. தீவுப் பள்ளிக்கூடங்கள் பல இப்படிச் சின்னவை. நம்ம தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் சின்னவை நிறைய உண்டு. அன்றைக்குப் பிள்ளையை மட்டம் போட விடாதீர்கள். தலைமுடி வெட்டவில்லை, சட்டை தோய்க்கவில்லை என்று நிறுத்தி வைத்தால் அந்தச் சோதனை தவறிப்போகும்.

அங்கே சுவரில் தொங்குகிற எழுத்து அட்டையை ஒல்லாந்து தேசத்துக் கண் டாக்டர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862ல் வெளியிட்டார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. பிள்ளை 6 மீற்றர் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிக்கவேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம் போட்ட அட்டை உண்டு. அல்லது ஆங்கில 'ஈ' எழுத்தின் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுவார்கள். துண்டில் 6/6 என்று எழுதியிருந்தால் சரி. 6/12 என்றால், நல்ல கண்ணுக்கு 12 மீற்றரில் தெரிகிற எழுத்து உங்கள் பிள்ளைக்கு 6 மீற்றர் கிட்டப் போனால்தான் தெரிகிறது என்று அர்த்தம். இரண்டு கண்ணுக்கும் ஒரே எண் வரவில்லை என்றாலும் விசாரிக்கவேண்டும்.

இதில் பிள்ளைகள் செய்கிற கள்ளமும் உண்டு. வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளை, முன்னால் நிற்கிறவன் சொல்வதைக் கேட்டே மனப்பாடம் பண்ணிவிடும். கையால் கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கால் பார்க்கும். தோற்றுப் போய்விடக்கூடாது என்ற ஆசை, பாவம். அது சோதனை இல்லை, விளையாட்டு என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

எதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது

டி.வி.க்குக் கிட்டப் போய் நிற்பது, புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் பிடிப்பது, தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது. கடைசியாகச் சொன்னதற்கு எத்தனை பிள்ளைகள் அடி வாங்கியிருக்கும்! "மக்கு", "கவனமில்ல" என்று பேர் வாங்கிய பிள்ளையை முதலில் கண் சோதனைக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஏசலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்ம ஆட்கள் சொல்லுவார்கள். தயவுசெய்து அதை நம்பிக்கொண்டு இருக்கவேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் கண் மாறியிருந்தால் காட்டவேண்டும். இரண்டு, மூன்று வயதில் புதிதாகக் கண் உள்பக்கம் திரும்புகிற பிள்ளைகளில் பலருக்கு நீள்பார்வைதான் காரணம். கண்ணாடி போட்டதும் கண் நேராகிவிடுவதும் உண்டு. கண்மணியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், சம்பள நாள் வரை காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். அது கண் புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வருகிற புற்றுநோயாகவும் இருக்கலாம். அம்மனுக்குக் கண்மலர் நேர்ந்து வைப்பதை நான் தடுக்கவில்லை. கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து சாத்துங்கள்.

கிளினிக்கில் நடப்பது

சின்னப் பிள்ளைக்குக் கண்ணில் மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும், அழும். பிள்ளையின் கண் எப்போதும் தன்னைத்தானே இறுக்கிச் சரிப்படுத்திக்கொண்டே இருப்பதால், அதை ஆறவைத்தால்தான் உண்மையான பவர் தெரியும். பிறகு டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, முன்னால் ஒவ்வொரு வில்லையாகப் பிடித்து அளப்பார். பிள்ளை ஒரு எழுத்தும் வாசிக்கத் தேவையில்லை. "பேசத் தெரியாத பிள்ளைக்கு எப்படிப் பவர் பார்ப்பது?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். மருந்து விட்டதால் வெளிச்சம் கூசும், கிட்ட இருப்பது மங்கும். சில மருந்துக்கு ஒரு நாள், சிலதுக்குப் பல நாள் கூட அப்படி இருக்கும். குடையோ தொப்பியோ கொண்டுபோங்கள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அந்தக் கண்ணோடு பகல் வெயிலில் கடல் தாண்ட வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

லயத்துக்குப் பெட்டியில் கண்ணாடி கொண்டுவந்து விற்கிறவர்களிடம் பிள்ளைக்கு வாங்காதீர்கள். அது வயதானவர்கள் பேப்பர் வாசிக்கிற கண்ணாடி. பிள்ளைக்கு டாக்டர் எழுதிய துண்டின்படி, பிளாஸ்டிக் வில்லையில் செய்யவேண்டும். கண்ணாடி வில்லை உடைந்தால் கண்ணில் குத்தும். பிரேம் மூக்கில் வழுக்காமல் உட்காரவேண்டும். வளருகிறதுக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்க இது பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லை.

போட்ட முதல் நாட்களில் தரை சரிந்தது போலத் தெரியும், பிள்ளை கால் தூக்கித் தூக்கி வைக்கும். சில நாளில் பழகிவிடும். சோம்பல் கண் இருந்தால் நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொல்லுவார்கள். நாள் முழுக்க மூட வேண்டுமோ என்று பயப்படவேண்டாம். 2003ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஏழு வயதுக்குட்பட்ட, நடுத்தரமான குறையுள்ள பிள்ளைகளுக்கு நாளைக்கு 2 மணி நேரம் மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் ஒரே அளவு பலன் தந்தது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மணி என்பதை டாக்டர் சொல்வார்.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்பது பொய். "பொட்டப்புள்ளைக்குக் கண்ணாடி போட்டா யாரு கட்டுவா?" என்று நம்ம பாட்டிமார் கேட்பார்கள். "ஆர் கட்டுவினம்?" என்று தீவிலும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்து பெட்டிக்குள் கிடக்கிற கண்ணாடிகள் அதிகம். சீனாவின் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் 250க்கு மேலானவற்றில் செய்த ஒரு ஆய்வு 2014ல் வெளிவந்தது. இலவசக் கண்ணாடி கிடைத்த பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் புள்ளி கூடியது. ஆனால் திடீரென்று போய்ப் பார்த்தபோது, கண்ணாடி வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் கூட அதைப் போட்டிருக்கவில்லை. ஆகவே டீச்சரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: முன் வாங்கில் இருத்தவும், "சோடாப் போத்தல்" என்று கேலி செய்கிறவர்களை அடக்கவும். பிள்ளைமடுவத்து ஆயாவுக்கும் சொல்லுங்கள்.

கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றப் பழக்குங்கள். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். மலையிலிருந்து வந்த சேலைத் தலைப்பால் துடைத்தால் தூசி வில்லையைக் கீறிவிடும். வைக்கும்போது வில்லை மேலே பார்த்திருக்கவேண்டும். டாக்டர் சொன்ன தவணைக்குத் திரும்பக் காட்டுங்கள், பிள்ளை வளர வளரப் பவர் மாறும்.

வீட்டில் செய்து பார்க்க

ஞாயிற்றுக்கிழமை பகலில், வாசலில் நல்ல வெளிச்சத்தில், பிள்ளையை மடியில் வையுங்கள். உங்கள் உள்ளங்கையால், அழுத்தாமல், அதன் வலது கண்ணை மூடி, தூரத்தில் நிற்கிற அப்பா கையில் எத்தனை விரல், லயத்துக் கோடியில் போகிற கோழி என்ன நிறம் என்று கேளுங்கள். பிறகு இடது கண்ணை மூடிக் கேளுங்கள். பேசாத பிள்ளை என்றால் பதில் வேண்டாம், முகத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்து, மற்றக் கண்ணை மூடும்போது மட்டும் அழுது உங்கள் கையைத் தள்ளினால், தள்ளும்போது மூடியிருந்தது நல்ல கண். திறந்திருந்த கண்ணில் ஏதோ குறை இருக்கலாம். எந்தக் கண் என்று ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் திங்கட்கிழமையே மருத்துவமாதிடம் காட்டுங்கள்.