மெஷினை விட ஸ்ட்ரிப்பைப் பார்த்துக்கோ

அம்மாவுக்கு சுகர் மெஷின் வாங்கிட்டியா, ரொம்ப நல்லது தங்கச்சி. ஆனா உன் கவனமெல்லாம் ஸ்ட்ரிப் மேல இருக்கட்டும். அதுக்குள்ள ஒரு என்சைம் காய்ஞ்ச நிலையில பூசியிருக்கு. ரத்தம் பட்டதும் அது குளுக்கோஸ்கிட்ட இருந்து எலக்ட்ரானைப் பிரிச்செடுக்கும். அந்தத் துளியூண்டு மின்சாரத்தைத்தான் மெஷின் அளந்து எண்ணாக் காட்டுது. 1962-ல லேலண்ட் கிளார்க் முன்வச்ச யோசனை இது. வீட்டுல பார்க்கிற மெஷினா அது கைக்கு வந்தது 1987-லதான்.

அந்த என்சைமுக்கு ஈரமும் சூடும் ஆகாது. திறந்து வச்ச அப்பளம் மாதிரி நமுத்துப்போயிடும். ஒண்ணை எடுத்த கையோட டப்பாவை மூடிடு. வேற டப்பாவுக்கு மாத்தாதே, ஈரத்தை உறிஞ்சுற பொருள் அந்த டப்பாவுலதான் இருக்கு. ஃப்ரிட்ஜ், அடுப்பு மேடை ரெண்டும் வேண்டாம். திறந்த தேதியை மேலயே எழுதி வை.

குத்துறதுக்கு முன்னாடி அம்மா சோப்பு போட்டுக் கை கழுவி, நல்லாத் துடைக்கணும். மாம்பழம் நறுக்கின விரல்ல குத்தினா பழச் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால ஒரு தடவை துடைச்சா அது முழுசாப் போகாது. விரல் நுனியோட பக்கவாட்டுல குத்து, வலி குறையும். பிதுக்காதே, சதை நீர் கலந்துடும். ஊசி அம்மாவுக்கு மட்டும்தான். அதையே அப்பாவுக்கும் போட்டா ஹெப்படைடிஸ் பி மாதிரி கிருமி பரவலாம்.

அடுத்தடுத்து பார்த்தப்போ 185, 205-ன்னு வந்தா பதறாதே. ஐஎஸ்ஓ 15197 தர விதியே, 100-க்கு மேல 15 சதவீதம் முன்னபின்ன இருக்கலாம்னு சொல்லுது. லேப் ரிசல்ட்டோட ஒப்பிடணும்னா வெறும் வயித்துல ஒப்பிடு. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்துல சுகர், நரம்புல எடுக்கிற ரத்தத்தை விடக் கூடுதலா இருக்கும்.

ரத்தசோகை இருந்தா பல மெஷின்கள் கூட்டிக் காட்டும், டாக்டர்கிட்ட சொல்லிடு. வயிறு வழியா டயாலிசிஸ் செய்யறவங்க எந்த ஸ்ட்ரிப்னு கேட்டுத்தான் வாங்கணும். அதுக்குப் போடுற சில டயாலிசிஸ் திரவங்கள்ல இருந்து வர்ற மால்டோஸை சில ஸ்ட்ரிப் குளுக்கோஸ்னே கணக்குல சேர்த்துடும். நிஜத்துல சுகர் இறங்கியிருக்கும், மெஷின் நல்ல எண் காட்டும். உயிருக்கே ஆபத்து அது.

சுகர் இறங்கி அம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினா எண்ணுக்காகக் காத்திருக்காதே. நினைவோட விழுங்க முடிஞ்சா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடு. 15 நிமிஷம் கழிச்சு, கையைக் கழுவிட்டு மறுபடி பாரு. நினைவில்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதே, 108-க்குக் கூப்பிடு.