காட்டுப் பூக்களைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்

டிசம்பர் மாதப் போயா தொடக்கம் வெசாக் போயா வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று நம்மில் பலர் மலை ஏறியிருக்கிறோம். சூரிய உதயத்தைக் காண வேண்டும் என்பதற்காக இரவில் ஏறுகிறோம். விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இறங்குகிறோம். 2243 மீற்றர் உயரமான மலைக்குப் போய் வந்தோம். ஆனால் பாதையின் இருபுறமும் இருந்த காட்டைப் பார்த்தோமா?

வழியில் கண்ட பூவின் பெயர் என்ன என்று பிள்ளையிடம் கேட்டால் "காட்டுப் பூ" என்ற ஒரே பதில்தான் வரும். பெற்றோரிடம் கேட்டாலும் அதே பதில்தான். சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரைச் சொல்கிறார். மலையில் வாழும் நமக்கு ஒன்பது பூக்களின் பெயராவது தெரியுமா?

இது நமது குற்றம் மட்டுமல்ல. நம் முன்னோர் இந்த மலைக்குக் காட்டைப் பார்க்க வரவில்லை. காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட அழைத்து வரப்பட்டார்கள். 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் காக்க வேண்டும் என்று 1873 இல் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். அவ்வாறு மிஞ்சிய காட்டிலிருந்தே மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் பிறக்கின்றன. அவை சேர்ந்து களனி கங்கையாகி கொழும்புக்கும் குடிநீர் தருகின்றன. 2010 இல் சிவனொளிபாத வனமும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. உலகம் மதிக்கும் காட்டின் அயலில் குடியிருக்கும் நாம் அதை அறியாதவர்களாக இருக்கலாமா?

நாம் காணக்கூடிய நான்கு பூக்கள்

மகா ரத்மல்: "பெரிய சிவப்புப் பூ" என்பதே இச்சிங்களப் பெயரின் பொருள். உயரமான மலைகளில் வளரும் முறுக்கிய மரம். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறக் கம்பளிபோல இருக்கும். இதன் உறவு மரத்தை நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறார்கள்.

காட்டுக் காசித்தும்பை: ஓடைக்கரையிலும் ஈரப் பாறையிலும் வளரும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதையைத் தூவும். பிள்ளைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

பினர: ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள். செப்டம்பர் அளவில் வரும் சிங்கள மாதத்துக்கும் இதே பெயர்தான்.

நெலு: நாம் குறிஞ்சி என்று போற்றும் செடியின் இனம். இலங்கையில் முப்பதுக்கும் மேற்பட்ட நெலு வகைகள் உள்ளன. நீலகிரிக் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006 இலும் 2018 இலும் பூத்தது. ஹோட்டன் சமவெளியில் 2013 இல் நெலு கூட்டமாகப் பூத்ததைக் காணப் பெருந்திரளானோர் சென்றார்கள். இவ்வகை நெலு ஒரே முறை பூத்து, விதை கொடுத்து, மடிந்துவிடும். பூத்த காலத்தில் தேனீக்கள் மொய்க்கும். விதை விழும்போது காட்டுக்கோழிகள் கூடும்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பூத்த கிளையை நாம் ஒடித்தால் அது மறுநாளே வாடிவிடும். அந்தச் செடிக்கு இன்னொரு முறை கிடையாது. கபிலர் காட்டும் பெண்கள் பூக்களைப் பறித்துக் குவித்தார்கள் என்பது உண்மைதான். அன்று காடு பெரிது, மனிதர் சிலர். இன்று காடு சிறிது, வருவோர் பலர்.

அழகாக இருப்பதெல்லாம் நம் காட்டுப் பூ அல்ல

தோட்டப் பாதையோரம் பல நிறத்தில் பூக்கும் நாயுண்ணி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹோட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் என்ற முட்செடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், தொண்டர்கள் பல தடவை பிடுங்கியும் மீண்டும் முளைக்கிறது. எது வந்தேறி, எது இம்மண்ணுக்கு உரியது என்று அறிவதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி.

நடைக்குப் போகுமுன்

நமக்குத் தனியே வசந்த காலம் இல்லை. மழை விட்டுத் தெளிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். தனியே போக வேண்டாம். பாதை தெரிந்த பெரியவர் ஒருவருடன் ஐந்தாறு பேராகச் செல்லுங்கள். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளலாம். குளவிக்கூடு கண்டால் கல்லெறியாமல் சத்தமின்றி விலகிச் செல்லுங்கள். கொழுந்தெடுப்போருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட வனத்தில் பூப் பறிப்பது சட்டப்படி குற்றம். பொலித்தீனைக் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். கண்ட பூவை அதே இடத்தில் அமர்ந்து வரையுங்கள். நிறம், இதழ்களின் எண்ணிக்கை, வந்த பூச்சி, திகதி ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோட்டத்து வயோதிபரிடமும் அயல் கிராமத்துச் சிங்கள நண்பரிடமும் கேளுங்கள். இரு மொழிப் பெயரையும் எழுதுங்கள். ஒரு பூவின் பெயரைக் கேட்கப் போய் ஒரு நட்பும் கிடைக்கக்கூடும்.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் லயத்துக்கு வரும் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது? அங்கே என்ன பூக்கிறது?
2. உங்கள் பாட்டி அறிந்திருந்து, இன்று உங்களுக்குத் தெரியாத செடிகள் எவை?
3. அடுத்த முறை மலை இறங்கும்போது ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கினால் எதைப் பார்ப்பீர்கள்?

அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒன்பது பூக்களின் பெயரை எழுதிப் பாடசாலைச் சுவரில் ஒட்டுங்கள். மிகுதி தொண்ணூறையும் பிள்ளைகள் தேடிக்கொள்வார்கள்.