ஒன்பதா, பதினொன்றா?

பாளையம்பட்டி

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் போன் வந்தபோது ஒரு கிணற்றுக்குள் இறங்கி நின்றேன். பாதிதான் காதில் விழுந்தது. படகு கடலடிப் பாரில் தட்டி புரொப்பெல்லர் றெக்கை ஒன்று உடைந்துவிட்டது, படகுக்காரர் சம்மாட்டி 9-க்குப் பதிலாக 11 போடச் சொல்கிறார், போடலாமா என்று கேட்டாய்.

கிணற்றடியில் மட்டும் தண்ணீர் பார்க்கிறவன் கடல் மோட்டாருக்கு யோசனை சொல்வதா என்று உங்கள் பட்டறையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திருச்சுழி வழியாகப் போகிற நம் குண்டாறு ஓடினால் நீ இருக்கிற மூக்கையூர்ப் பக்கம்தான் கடலில் சேரும். ஆற்றுத் தண்ணீர் அங்கே வந்ததைவிட நான் வந்தது அதிகத் தடவை. கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் தூத்துக்குடியில் அவுட்போர்டு மோட்டார்தான் பிரித்து மாட்டினேன்.

புரொப்பெல்லரில் இரண்டு எண் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். நீ சொன்ன 9-ம் 11-ம் பிட்ச்தான். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி, வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். மோட்டார் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது என்று வை. 2500 சுற்று, 9 அங்குலம்: நிமிடத்துக்கு 1875 அடி. தண்ணீர் மரமில்லை, வழுக்கும். அந்தக் கணக்கில் ஒரு பங்கு போய்விடும். சுமைப் படகில் இன்னும் கூடுதலாகப் போகும்.

சம்மாட்டியும் இதே பெருக்கலைத்தான் போடுகிறார். 11 போட்டால் வேகம் கூடும் என்று. அந்த 5000 சுற்று அப்படியே நிற்கும் என்று யார் சொன்னது?

நானும் இப்படி ஏமாந்தவன்தான். இங்கே ஒரு சம்சாரி, தண்ணீர் இன்னும் வேகமாக வேண்டும் என்றார். பம்பின் 5 அங்குல இம்பெல்லரை எடுத்துவிட்டு ஐந்தரை மாட்டினேன். தண்ணீர் பாய்ந்தது, வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காயில் கருகி, ரீவைண்டிங் செலவு என் தலையில் விழுந்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் மோட்டார் இழுக்கும் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கே ஒரு ஆம்ப்ஸ் மீட்டர் வாங்கினேன்.

உனக்கு ஆம்ப்ஸ் மீட்டரின் இடத்தில் ஆர்.பி.எம். மீட்டர். பக்கத்துப் படகில் அதே 9 இருந்தால் ஒரு மணி நேரம் இரவல் வாங்கு. வலை, ஐஸ், எண்ணெய், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு முழு முடுக்கில் ஓட்டு. வெறும் படகில் ஓட்டிப் பார்ப்பது வீண். மோட்டார் புத்தகத்தில் அதற்கு ஒரு வரம்பு போட்டிருக்கும். பல மோட்டார்களில் 4500 முதல் 5500. பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் சுமாராக 200 சுற்று குறையும். 9-ல் 4800 வந்தால் 11-ல் 4400. டாப் கியரில் கண்மாய்க்கரை ஏறுகிற பைக் மாதிரி மோட்டார் திணறும். சூடேறும், கரி பிடிக்கும், பிஸ்டனில் போய் முடியும். ஆனால் 5800 வந்தால்? சம்மாட்டி சொன்னதே சரி, 11 வாங்கு.

எவர்சில்வரில் வாங்கலாமே என்று அடுத்து கேட்பார். பார் இருக்கிற கடலில் அலுமினியமே போதும். தட்டினால் றெக்கையோடு போகும். எவர்சில்வர் வளைந்து கொடுக்காது, அடி கியருக்குள் இறங்கும். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆணியைச் சொருகின கதை. (மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பார் பக்கம் அவருக்கு என்ன வேலை என்று நீ கேட்காதே. மோட்டாரை மட்டும் பார்.)

றெக்கை முழுசாக இருந்தும் மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை என்று யாராவது வந்தால் உடனே புதுசு விற்றுவிடாதே. உள்ளே ரப்பர் புஷ் வழுக்கியிருக்கும். உள்குழாயிலிருந்து வெளிக்குடம் வரை ஒரே நேராகப் பெயின்ட் கோடு போட்டு ஓட்டிவிட்டு வா. கோடு விலகியிருந்தால் புஷ்தான்.

மாட்டுவதற்கு முன் பிளக் வயரைக் கழற்றிவிடு; விரலோடு விளையாடாதே. ஷாஃப்ட்டின் பல்லை எண்ணிப் பார்த்து வாங்கு. தங்கூசி நரம்பு ஷாஃப்ட்டில் சுற்றியிருக்கிறதா பார். அது ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயாச்சு. கிரீஸ் தாராளமாகத் தடவு. பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதே.

உடைந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லையே? 9 என்று சம்மாட்டி சொன்னதாகத்தான் சொன்னாய். குடத்தைச் சுரண்டி எண்ணை நீயே பார்த்தாயா என்று கேட்க மறந்துவிட்டேன். பார்த்துவிட்டு ராத்திரி போன் போடு.

மாமா