முன்னால ஒரு ஒட்டு, எட்டு சொந்தம்

கல்யாணமாகி உல்லாஸ்நகருக்கு வந்திருக்கிற தங்கச்சி, அந்த நோட்டை முதல்ல மூடு. மராத்தி உறவுப் பேரையெல்லாம் வரிசையா எழுதி நெட்டுருப் போட்டா நாலு நாள்ல மறந்துடும். வேலைக்கும் ஓடிக்கிட்டு உனக்கு அதுக்கு ஏது நேரம்?

1. அண்ணன் தம்பிக்கு பாவூ, அக்கா தங்கச்சிக்கு பஹீண், மாமியாருக்கு சாசூ. இந்த மூணை மனசுல வை.

2. இப்போ முன்னால வைக்கிற ஒட்டு. சித்தப்பா, பெரியப்பா வழின்னா சுலத். அத்தை வழி ஆதே. மாமா வழி மாமே. சித்தி, பெரியம்மா வழி மாவஸ். சுலத்பாவூ, மாவஸ்பஹீண்னு சேர்த்துக்கிட்டே போ, எட்டு உறவு வந்தாச்சு. அதே ஒட்டு சாசூவுக்கும் பொருந்தும்: வீட்டுக்காரரோட சித்தி மாவஸ்சாசூ. அவரோட பாட்டி மட்டும் ஆஜேசாசூ.

3. நம்ம 'கொள்ளு' செய்யிற வேலையை இங்க 'பண்' செய்யுது. நாதூ பேரன், பண்தூ கொள்ளுப்பேரன். இதுக்கு மேல இப்போ வேண்டாம்.

4. இப்படி முன்னால ஒட்டு வைக்கிறது நல்லா சோதிச்ச வழிதான். ஜாமென்ஹாஃப்னு ஒரு கண் டாக்டர் 1887-ல வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழியிலயும் இப்படித்தான். பாத்ரோன்னா அப்பா, முன்னால 'போ' வச்சா போபாத்ரோ, மாமனார். ஃப்ராத்தோ சகோதரன், போஃப்ராத்தோ மச்சினன். மாமனாருக்குன்னு தனி வார்த்தையே தேவைப்படலை பார்.

5. எல்லாரும் சறுக்குற இடம் இது. எங்க மாடியில புதுசா வந்த பொண்ணுகிட்ட பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு பையனைக் காட்டி "ஹா மாஜா மாமேபாவூ"ன்னா. இவ நம்மூர் ஞாபகத்துல, "முறைப்பையனா? கல்யாணம் எப்போ?"ன்னு கேட்டுட்டா. அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிப்போச்சு. வார்த்தைக்குள்ளயே பாவூ உட்கார்ந்திருக்குடி! அந்த வீட்டுல அவன் அண்ணன் மாதிரி. முறை வச்சுக் கிண்டல் பண்ணாதே.

6. ஜாவூன்னா ஓரகத்தி. 'ஜாவூ தே'ன்னா 'விட்டுடு'. ரெண்டையும் குழப்பிக்காதே.

7. உறவே தெரியலையா? நடுவயசு அம்மாவை காகூன்னு கூப்பிடு, கல்யாணமானவளை வஹினின்னு கூப்பிடு. ஆயியை, அதாவது அம்மாவை, 'தூ', நீன்னு பேசுறாங்களேன்னு மாமியார்கிட்டயும் பேசிடாதே. அவங்களுக்கு 'தும்ஹீ', நீங்க.

அக்கம்பக்கத்துல சிந்திக்காரங்க நிறைய. 1949-ல பிரிவினை அகதிகளுக்காக உண்டான ஊர் இது. அவங்க ஒட்டைப் பின்னால வைப்பாங்க: சித்தி மாசி, அவ பிள்ளை மாசாத். அதை அடுத்த மாசம் பார்த்துக்கலாம். நாளைக்குக் காலையில லேடீஸ் கம்பார்ட்மெண்டுல கல்யாண் வர்றதுக்குள்ள ரெண்டாவது பாயிண்டை வாய்விட்டுச் சொல்லிப் பாரு.